தாயின் மருந்துக்கு யாரிடம் இரப்பது?

இலவச மருத்துவத்தைப் பற்றி நாம் பெருமை பேசுகிறோம், பேசத் தகுந்ததே. ஆயின் புற்றுநோயுற்ற தாய்க்கு, “மருந்து முடிந்துவிட்டது, வெளியே வாங்குக” என்று வைத்தியசாலையில் துண்டு நீட்டப்படும்போது அப்பெருமை எங்கே போகிறது? 2022இல் எத்தனை குடும்பங்கள் இதைக் கண்டன! மகன் மனைவியின் தாலிக்கொடியை அடகு வைக்கிறான். ஜனாதிபதி நிதியத்துக்கு விண்ணப்பிக்கிறான். வெளிநாட்டு உறவினருக்கு எழுதுகிறான். மாணவர் உண்டியல் குலுக்குகின்றனர். உதவுவோர் உதவட்டும், நாம் தடுக்கவில்லை. ஆனால் அந்த விலையை வைத்தவன் யார்?

இரத்தப் புற்றுநோய்க்கான இமாட்டினிப்பை எடுத்துக்கொள்வோம். 2013 வாக்கில் இந்தியாவில் நொவார்ட்டிஸ் கம்பனியின் கிளிவெக் மாதமொன்றுக்கு ஏறத்தாழ 1,20,000 இந்திய ரூபாவாக இருந்தது. அங்குள்ள கம்பனிகள் செய்த இமாட்டினிப் ஏறத்தாழ 8,000 ஆக இருந்தது. காப்புரிமை கோரிய நொவார்ட்டிஸின் மேன்முறையீட்டை 2013 ஏப்ரலில் இந்திய உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. இடைப்பட்ட ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பணம் மருந்தின் விலையன்று, ஏகபோகத்தின் விலை.

இதை அயல்நாட்டு நீதிமன்றத்திடம் நாம் கற்கவேண்டியதில்லை. பேராசிரியர் சேனக பிபிலேயும் டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் 1971இல் அளித்த அறிக்கையின் வழியே அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் பிறந்தது. வணிகப் பெயரை விலக்கி, மூலப் பெயரால் விலைமனுக் கோரி, மலிவாக வாங்கிற்று. 1977க்குப் பின் இறக்குமதி மீண்டும் தனியாருக்குத் திறந்துவிடப்பட்டது. 2015இல் ஒழுங்குபடுத்தும் சட்டமொன்றும் வந்தது. துண்டு எழுதுவது மட்டும் நிற்கவில்லை.

ஆசிரியர் சங்கங்கள் சம்பளத்தோடு இதனையும் கோரட்டும்: ஒவ்வொரு புற்றுநோய் மருந்தையும் அரசு என்ன விலைக்கு வாங்குகிறது, வெளியே என்ன விலைக்கு விற்கிறார்கள், பகிரங்கப்படுத்துக! உண்டியல் ஏந்தும் மாணவரும் அவ்விரு விலைகளையும் அதன்மேல் எழுதி ஒட்டட்டும்.