கடலை உருண்டையும் கடைக்காரர் கடமையும்

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை என்பார்களே, அது நம் மளிகைக் கடைகளில் அன்றாடம் நடக்கிறது. கல்லாவுக்கு முன்னால் பளபளக்கும் உறைகளில் 'எனர்ஜி பார்', 'கிரானோலா பார்' என்று தோரணம் தொங்குகிறது. உறையைத் திருப்பிப் படித்தால் நிலக்கடலை, ஓட்ஸ், பேரீச்சம்பழம், எள், சர்க்கரைப் பாகு என்று எழுதியிருக்கிறது. ஓட்ஸை விட்டால் மற்றதெல்லாம் நம் சாக்கிலும் டின்னிலும் தலைமுறை தலைமுறையாக இருந்துவரும் சரக்குதானே?

ஓவன் இல்லாமல் வீட்டிலேயே சத்தான தின்பண்டம் செய்வது எப்படி என்று இன்று பல தாய்மார்கள் தேடுகிறார்கள். நம் கடலை உருண்டை, எள்ளுருண்டை, பொருள்விளங்காய் உருண்டை, கார்த்திகைப் பொரி உருண்டை ஆகிய எதுவும் என்றைக்கும் ஓவனைப் பார்த்ததில்லை. கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. சேலம், நாமக்கல் வணிகர்களாகிய நமக்கோ மூலப்பொருள் காலடியில் கிடக்கிறது. ஓமலூர், காமலாபுரம் பக்கம் வெல்ல ஆலைகள். பரமத்தி வேலூர் வட்டாரத்தில் கரும்பும், பிலிக்கல்பாளையத்தில் வெல்ல ஏலமும். கொல்லிமலையில் சாமை, தினை, கேழ்வரகு. செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரில் கிடைக்காத மளிகை இல்லை.

"வீட்டிலேயே செய்துகொள்ளச் சொன்னால் நம் பாக்கெட் வியாபாரம் படுத்துவிடாதா?" என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பாரை விற்றால் ஒரு சரக்கின் கமிஷன். அதுவும் கம்பெனி நிர்ணயித்தது. தேதி கடந்தால் திருப்பி எடுப்பார்களா என்ற கவலை வேறு. அதே தாய் வீட்டில் உருண்டை பிடிக்க நினைத்தால் கடலை, வெல்லம், எள், பொட்டுக்கடலை, ஏலக்காய், நெய் என்று ஆறு சரக்கு நம்மிடம் வாங்குகிறார். அது நன்றாக வந்துவிட்டால் அடுத்த மாதமும் நம்மிடமே வருவார். பாரை எந்தக் கடையிலும் வாங்கலாம். நம்பிக்கையான வெல்லத்தை எல்லாக் கடையிலும் வாங்க முடியாது.

நம்பிக்கை என்ற அந்த இடத்தில்தான் நம் தொழிலின் மானம் இருக்கிறது. எலுமிச்சை நிறத்தில் பளிச்சென்று இருக்கும் வெல்லத்தையே பலர் கேட்கிறார்கள் என்பது உண்மை. அந்த நிறத்துக்காக ஹைட்ரோஸ் எனப்படும் சோடியம் ஹைட்ரோசல்பைட்டை அளவின்றிப் போடுவதும், கரும்புப் பாலோடு அஸ்காவைக் கரைத்து ஊற்றுவதும் நம் வட்டாரம் அறியாததல்ல. உணவுப் பாதுகாப்புத் துறையினர் சோதனை நடத்தி மூட்டை மூட்டையாகப் பறிமுதல் செய்த செய்திகளையும் படித்துவருகிறோம். நேர்மையாகக் காய்ச்சும் ஆலைக்காரர் மங்கலான நிறத்தால் விலை இழக்கிறார்; கலப்படக்காரர் லாபம் பார்க்கிறார். இந்த அநியாயத்தை மாற்றும் சக்தி ஏலத்தில் கை தூக்கும் மொத்த வியாபாரிக்கும், தராசு பிடிக்கும் சில்லரை வியாபாரிக்கும் உண்டு. பழுப்பு வெல்லத்தை முன்வரிசையில் வைத்து, "இதுதானம்மா இயற்கை நிறம், உருண்டைக்கு இதை வாங்குங்கள்" என்று நாம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மக்கள் கேட்பார்கள்.

கடலையிலும் அதே கவனம் வேண்டும். ஈரம் பட்ட கடலையில் பூஞ்சை பிடித்தால் அப்ளடாக்சின் என்னும் நஞ்சு உண்டாகிறது. அது கல்லீரலைக் கெடுக்கும். வறுத்தாலும் முழுமையாகப் போகாது. ஆகவே சுருங்கியது, கறுத்தது, பூஞ்சை வாடை அடிப்பது ஆகியவற்றைச் சலித்துத் தள்ள வேண்டும். மூட்டையைத் தரையில் போடாமல் மரப்பலகை மேல் அடுக்க வேண்டும். உடைத்த பருப்பு விரைவில் சிக்கு வாடை வந்துவிடும் என்பதால் வாரத் தேவைக்கு மட்டும் உடைத்து வைப்பது நல்லது.

கேட்கும் வாடிக்கையாளருக்குச் செய்முறை சொல்லத் தெரிந்திருப்பதும் வியாபாரத்தில் ஒரு பகுதியே. கால் கிலோ நிலக்கடலையை மிதமான தீயில் வறுத்துத் தோல் நீக்கி இரண்டாக உடைத்துக்கொள்ள வேண்டும். 200 கிராம் வெல்லத்தைக் கால் டம்ளர் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, மீண்டும் காய்ச்ச வேண்டும். பாகில் ஒரு சொட்டைக் குளிர்ந்த நீரில் விட்டால் திரண்டு உருள்வது உருண்டைப் பதம். இறுகி, 'டக்'கென்று உடைந்தால் மிட்டாய்ப் பதம். கடலையும் ஏலப்பொடியும் கொட்டிக் கிளறி, நெய் தடவிய தட்டில் பரப்பி, சூடு ஆறுவதற்குள் கத்தியால் கீறிவிட வேண்டும். ஏறக்குறைய 16 துண்டு வரும்.

பாகுக்குப் பயப்படும் புதுக் குடித்தனக்காரர்களுக்கு இன்னொரு வழி உண்டு. கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் 200 கிராமை மசித்து, வறுத்த கடலை 100 கிராம், பொட்டுக்கடலை 50 கிராம், வறுத்த அவல் 50 கிராம், கொஞ்சம் எள் சேர்த்துப் பிசைந்து, தட்டில் அழுத்தி வெட்டிக்கொள்ளலாம். வறுப்பதைத் தவிர அடுப்பு வேலையே இல்லை. மூடிய டப்பாவில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடச் சொல்லுங்கள்.

ஆர்வத்தில் வாய் நீளக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். 100 கிராம் நிலக்கடலையில் சுமார் 25 கிராம் புரதம் உண்டு என்று தாராளமாகச் சொல்லலாம். ஆனால் "வெல்லம்தானே, சர்க்கரை நோயாளியும் சாப்பிடலாம்" என்று சொல்லவே கூடாது. வெல்லமும் பெரும்பாலும் சர்க்கரைதான். ரத்தத்தில் சர்க்கரையை அதுவும் ஏற்றும். பேரீச்சம்பழமும் இனிப்புதான். கடலை ஒத்துக்கொள்ளாத குழந்தைகளும் இருக்கிறார்கள். ஒரு நாளைக்கு ஒரு துண்டு, பிஸ்கட்டுக்குப் பதிலாக என்று சொல்வதே யோக்கியமான பேச்சு.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். வாடிக்கையாளர் எதிரில் உதிரியாக நிறுத்துக் கொடுத்தால் வெல்லத்துக்கும் பொரிக்கும் ஜி.எஸ்.டி. இல்லை. முன்கூட்டியே பொட்டலம் கட்டி லேபிள் ஒட்டினால் 18.7.2022 முதல் 5 சதவீதம் உண்டு. அப்படிக் கட்டினால் பெயர், முகவரி, நிகர எடை, பொட்டலமிட்ட மாதம், அதிகபட்ச விலை ஆகியவற்றை அச்சிட வேண்டும். நம் வீட்டுப் பெண்கள் உருண்டை பிடித்துக் கடையில் விற்பதானால் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவும் தேவை. மற்ற சரக்குகளுக்கான வரி விவரத்தை அவரவர் கணக்காளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உறுப்பினர்களுக்கு நாம் வைக்கும் யோசனை இதுதான். கல்லாப் பக்கம் ஒரு தட்டில் கடலை, பழுப்பு வெல்லம், எள், பொட்டுக்கடலை, பேரீச்சம்பழம் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். "உருண்டைச் சாமான் இங்கே" என்று ஓர் அட்டை எழுதி மாட்டுங்கள். மேலே சொன்ன செய்முறையைத் துண்டுச் சீட்டாக அச்சடித்துப் பையில் போட்டுக் கொடுங்கள். பாரைத் தூக்கி எறியச் சொல்லவில்லை, அதுவும் தொங்கட்டும். கம்பெனிக்காரர் பல லட்சம் செலவழித்து விளம்பரம் செய்கிறார். நம்மிடம் இருக்கும் விளம்பரம் நல்ல சரக்கும் நாணயமான வார்த்தையும்தான். அவை இரண்டும் சரியாக இருந்தால், பள்ளி விட்டு வரும் பிள்ளைக்கு வீட்டில் காத்திருக்கும் உருண்டையில் நம் கடையின் பெயரும் சேர்ந்தே இருக்கும்.