வாசலில் ஊசியிலை மரமா? வேலியில் கற்றாழையா?

கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் தோட்டத்துச் சாளையைப் புதுப்பித்துக் கட்டும் உழவர் பலர், வாசலின் இருபுறமும் கிறிஸ்துமஸ் மரம் எனப்படும் அரகேரியாவையோ, துஜாவையோ, மஞ்சள் நிறச் சைப்ரஸையோ நட்டு வருகின்றனர். ஊட்டிக்குச் சென்று திரும்புவோர் காரின் பின்னிருக்கையில் இரண்டு கன்றுகளுடன் மலையிறங்குவதைக் காண்கிறோம். அதே தோட்டத்தின் எல்லையில் மூன்று தலைமுறையாக நின்ற கள்ளியும் கற்றாழையும் கிளுவையும் பொக்லைனால் வழித்தெறியப்பட்டு, அந்த இடத்தில் கல்லுக்காலும் முள்கம்பியும் ஏறுகின்றன. இந்த இரண்டு செலவுகளும் சிறு விவசாயிக்கு வேண்டாதவை என்பது என் கருத்து.

அழகுக்கு மரம் வைப்பதை நான் குறை கூறவில்லை. வாசலில் ஒரு பசுமை இருந்தால் வீட்டுக்கு வருகிறவர் மனமும் குளிரும். ஆனால் எந்த மரத்தை எந்த மண்ணில் வைக்கிறோம் என்பதை நெல் விதைக்கும்போது யோசிப்பது போலவே இதற்கும் யோசிக்க வேண்டும்.

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,200 மீட்டர் உயரத்தில் உள்ளது. கோவை 400 மீட்டர்தான். நீலகிரியில் இன்று நாம் காணும் பைன் மரங்கள் மெக்சிகோ மலைகளைச் சேர்ந்தவை. சைப்ரஸில் ஒரு வகை கலிபோர்னியாக் கடற்கரையிலிருந்து வந்தது. பகலில் வெயில் அடித்தாலும் இரவில் நன்றாகக் குளிர்ந்துவிடும் இடங்களில் பழகியவை இவை. நம் சமவெளியில் சித்திரை, வைகாசி இரவுகளிலும் வெப்பம் தணிவதில்லை. பகலில் இலை சேர்த்த உணவை இரவு முழுவதும் மரம் சுவாசத்திலேயே செலவழித்துவிடுகிறது. வரவுக்கும் செலவுக்கும் சரியாகப் போனால் மரம் எப்படித் தேறும்? தென்னிந்தியக் காடுகளில் இயற்கையாக வளரும் ஊசியிலைக் குல மரம் ஒன்றே ஒன்றுதான். அதுவும் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காட்டுக்குள் நிற்கிறது. அதன் இலைகூட ஊசியாக இராமல் அகன்றே இருக்கும்.

அரகேரியா சற்று வேறு. அதன் தாயகங்களில் ஒன்றான நார்ஃபோக் தீவு, ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் இடையே பசிபிக் கடலில் கிடக்கும் சிறு தீவு. 1774-ல் அங்கு இறங்கிய கேப்டன் குக் இம்மரங்களைக் கண்டு கப்பலின் பாய்மரத்துக்கு ஆகும் என்று எண்ணினார். ஈரமான கடற்காற்றில் வளர்ந்த மரம் ஆகையால் வெப்பத்தை ஓரளவு தாங்கும். பேரூர், சிறுவாணி அடிவாரம் போன்ற ஈரப்பாங்கான இடங்களில் தண்ணீர் குறையாதிருந்தால் நன்றாகவே வளர்கிறது. காங்கயம், மூலனூர், வெள்ளகோவில் பக்கம் வந்தால் கதை மாறுகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியே வைகாசி முதல் ஆவணி வரை வீசும் வறண்ட காற்று, இலையிலுள்ள ஈரத்தை உறிஞ்சி எடுத்துவிடும். முதலில் அடிக்கிளைகள் பழுப்பேறி உதிரும். உதிர்ந்த கிளை மீண்டும் துளிர்ப்பதில்லை. பிறகு உச்சியில் மட்டும் நாலு கிளையுடன் குடைக்கம்பி போல ஒரு மரம் வாசலில் நிற்கும்.

மண்ணையும் பார்க்க வேண்டும். சுக்கான்கல் நிறைந்த நிலத்தில் இரும்புச்சத்து இருந்தும் வேருக்குக் கிடைப்பதில்லை. இளந்தளிர் வெளுத்து மஞ்சளாகும். இதற்கு அன்னபேதி உப்பை மண்ணில் இட்டால் அதையும் அந்தச் சுண்ணாம்பு கட்டிப்போட்டுவிடும்.

இப்போது தண்ணீர்க் கணக்கு. கோடையில் மூன்று நாளைக்கு ஒரு முறை கன்று ஒன்றுக்கு இரண்டு குடம், அதாவது 30 லிட்டர் ஊற்றுவதாக வைத்துக்கொள்வோம். மாசி முதல் வைகாசி வரை 120 நாளில் நாற்பது முறை. கன்று ஒன்றுக்கு 1,200 லிட்டர், பத்துக் கன்றுக்கு 12,000 லிட்டர். இது ஒரு லாரித் தண்ணீர். ஆழ்துளைக் கிணறு காய்ந்து தென்னைக்கே விலை கொடுத்துத் தண்ணீர் வாங்கும் ஆண்டில், இந்தப் பத்துக் கன்றுக்காக ஒரு லாரி போகிறது என்பதை வீட்டிலுள்ளோர் உட்கார்ந்து பேச வேண்டும்.

ஒரு சிறு திருத்தம். சவுக்கையும் ஊசியிலை மரம் என்று பலர் எண்ணுகின்றனர். அது அந்தக் குலத்தைச் சேர்ந்ததன்று. ஊசி போலத் தெரிவது கணுக்கணுவான மெல்லிய பசுந்தண்டு. அதன் வேர் முடிச்சுகளில் வாழும் ஃபிராங்கியா என்னும் நுண்ணுயிர் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கிறது. வாழைத் தோட்டத்தைச் சுற்றிக் காற்றுத்தடுப்பாக வைக்கவும், வெட்டி விற்கவும் ஏற்றது. ஊசியிலைத் தோற்றம்தான் வேண்டுமென்று விரும்புவோர் சவுக்கை வைத்துக்கொள்ளலாம்.

இனிக் கள்ளி, கற்றாழைக்கு வருவோம். மற்றச் செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து காற்றை உள்ளிழுக்கும்போது, உள்ளிருக்கும் நீரும் ஆவியாகப் போய்விடுகிறது. இவையோ பகலில் துளைகளை மூடிக்கொண்டு இரவில் திறக்கின்றன. இரவில் இழுத்த கரியமில வாயுவைப் புளிப்பு அமிலமாகச் சேர்த்து வைத்து, பகல் வெளிச்சத்தில் உணவாக மாற்றிக்கொள்கின்றன. இந்த உண்மைக்கு முதல் தடயம் கிடைத்தது நம் நாட்டில்தான். கிழக்கிந்தியக் கம்பெனியில் தாவர அறிஞராக இருந்த பெஞ்சமின் ஹெய்ன், ரணகள்ளி இலையைக் காலையில் மென்றபோது புளிப்பாகவும், நடுப்பகலில் சுவையின்றியும் இருப்பதைக் கண்டு லண்டனுக்குக் கடிதம் எழுதினார். அது 1815-ல் அச்சாயிற்று. காரணம் முழுவதும் விளங்க நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. சாதாரணப் பயிர் ஒரு கிலோ உலர் பொருள் சேர்க்க 400, 500 லிட்டர் நீரைச் செலவிடும். இவ்வகைச் செடிகளுக்கு 50 முதல் 100 லிட்டர் போதும்.

நம் முன்னோருக்கு இந்தக் கணக்குத் தெரியாது. ஆனால் இட்டேரி தெரியும். இரண்டு பக்கமும் கிளுவையும் திருகுகள்ளியும் நிற்க, அவற்றின் மேல் பிரண்டை படர்ந்து, அடியில் கற்றாழை புதராக அடைத்திருக்கும் அந்தத் தடத்தில் ஆட்டுக்குட்டிகூட நுழைய முடியாது. கிளுவை கற்றாழையைப் போல் சதைப்பற்று உடையதன்று என்றாலும், கோடையில் இலையை உதிர்த்துவிட்டுத் தண்டில் ஈரத்தைக் காத்து நிற்கும். மழை பெய்ததும் தழைக்கும். தழை ஆட்டுக்குத் தீவனம். காங்கயம் மாடுகள் மேயும் கொறங்காடுகளுக்கு வேலி இதுதான். பிரண்டை துவையலுக்கு ஆகும். கௌதாரியும் கீரியும் உடும்பும் இந்த வேலியில்தான் தங்கின. எலியையும் வெட்டுக்கிளியையும் இவை தின்றன. வேலியை வழித்தெடுத்துவிட்டு எலிக்கு மருந்து வாங்கக் கடைக்குப் போகிறோம். முள்கம்பி சில ஆண்டுகளில் துருப்பிடிக்கும். கிளுவை வேலியோ ஆண்டுக்கு ஆண்டு தடிக்கும்.

குறையே இல்லை என்று கூறமாட்டேன். திருகுகள்ளிப் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. குழந்தைகள் விளையாடும் இடத்தில் அது வேண்டாம். வெட்டும்போது காற்றுக்கு எதிரே நிற்கக் கூடாது. ஆனைக்கற்றாழையின் நுனிமுள் மாட்டின் கண் மட்டத்தில் இருக்கும். வண்டித்தடத்திலிருந்து தள்ளியே நட வேண்டும். அதன் சாறு தோலில் பட்டால் அரிக்கும்.

சப்பாத்திக்கள்ளியின் வரலாற்றையும் மறந்துவிடக் கூடாது. அமெரிக்காவிலிருந்து வந்த அச்செடி ஒரு காலத்தில் தென்னாட்டுப் புன்செய்களை விழுங்கிக்கொண்டிருந்தது. 1926-ல் இலங்கையிலிருந்து ஒரு வகைக் கள்ளிப்பூச்சியைக் கொண்டுவந்து விட்ட பிறகே சில ஆண்டுகளில் கட்டுக்குள் வந்தது. மருந்தடிக்காமல் பூச்சியைக் கொண்டே களையை ஒழித்ததற்கு இன்றும் எடுத்துக்காட்டாகக் கூறப்படுவது அது. இப்போது கால்நடைத் தீவனமாக முள்ளில்லாச் சப்பாத்திக்கள்ளி பரிந்துரைக்கப்படுகிறது. நல்ல செடிதான். மடலில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர் என்பதால் வறட்சியில் மாட்டின் தாகத்தையும் தணிக்கும். ஆனால் அதை மட்டும் போட்டால் கழிச்சல் கண்டுவிடும். நறுக்கிச் சோளத்தட்டுடனோ வைக்கோலுடனோ கலந்தே கொடுக்க வேண்டும். புரதமும் குறைவு என்பதால் அகத்தி, வேலிமசால் போன்ற பயறுவகைத் தழையும் சேர வேண்டும். அதே கள்ளிப்பூச்சி இதையும் தாக்கும். மொராக்கோ நாட்டில் 2014 முதல் கள்ளித் தோட்டங்கள் இப்பூச்சியால் பெரிதும் அழிந்தன. எனவே வேலியோரம் இருபது முப்பது செடியுடன் தொடங்குங்கள். மடலில் வெண்பஞ்சு போலப் படிந்திருந்தால், நசுக்கினால் சிவப்புச் சாயம் வந்தால், அந்த மடலை வெட்டி எரித்துவிட வேண்டும்.

நடும் முறை எளிது. கிளுவைப் போத்தைப் புரட்டாசியில், பருவமழைக்கு முன் ஊன்றலாம். கள்ளி மடலையும் திருகுகள்ளித் துண்டையும் வெட்டியவுடன் நடாமல், வெட்டுவாய் காய ஒரு வாரமாவது நிழலில் கிடத்த வேண்டும். பச்சையாக நட்டால் அழுகும். கற்றாழைக்குப் பக்கக் கன்றே போதும். தண்ணீர் தேங்காத மேட்டுப்பாங்கான இடமாகப் பார்த்து நட வேண்டும். நட்டதற்குப் பின் அன்றாடம் தண்ணீர் ஊற்றுகிற அன்பே இவற்றைக் கொல்லும்.

சோற்றுக்கற்றாழையை ஏக்கர் கணக்கில் போடச் சொல்லி, விளைந்ததைத் தாங்களே வாங்கிக்கொள்வதாகக் கூறிக் கன்று விற்க வருவோர் உண்டு. ஈமுக் கோழியில் பணத்தைப் போட்டு 2012-ல் ஏமாந்தவர்கள் பெருந்துறைப் பக்கம் இன்றும் இருக்கிறார்கள். கன்று விற்பவரே கொள்முதல் செய்வதாகச் சொன்னால், முந்தைய ஆண்டு அவர் யாரிடம் எவ்வளவு வாங்கினார் என்று கேளுங்கள். அந்த விவசாயியை நேரில் பார்த்த பிறகு முன்பணம் கொடுக்கலாம். வெட்டிய மடல் நாள்பட வைத்திருக்க ஏற்றதன்று. வாங்க ஆளில்லாவிட்டால் உழுதுவிடுவதைத் தவிர வழியில்லை.

ஏற்கெனவே வாசலில் அரகேரியா வைத்துவிட்டவர்கள் அதை வெட்ட வேண்டியதில்லை. அடியில் மூன்றடி வட்டத்துக்குத் தென்னை மட்டையோ கரும்புச் சோகையோ பரப்பி ஈரம் காக்கலாம். நுனியை மட்டும் ஒருபோதும் கிள்ளக் கூடாது, கிள்ளினால் உருவம் கெட்டுவிடும். வீட்டுக் கூரைக்கும் மின்கம்பிக்கும் அருகில் நட்டிருந்தால், ஓராண்டுக் கன்றாக இருக்கும்போதே வேர்மண் சிதையாமல் தோண்டித் தள்ளி நட்டுவிடுங்கள். இருபது மீட்டருக்கு மேல் வளரக்கூடிய மரம் அது.