"டவுன்ஹில் போகுது"ன்னா என்ன அர்த்தம்?

1/ "பேஷண்ட் டவுன்ஹில் போறார்"னு டாக்டர்கள் பேசிக்கிறதைக் கேட்டிருப்பீங்க. சொல்லுக்குச் சொல் பார்த்தா மலைச்சரிவில் இறங்குறது. நாங்க சொல்ல வர்றது, உடல்நிலை நாளுக்கு நாள் மோசமாகுது.

2/ வேடிக்கை என்னன்னா, "இட்ஸ் ஆல் டவுன்ஹில் ஃப்ரம் ஹியர்"னு சொன்னா இங்கிலீஷ்லயே ரெண்டு அர்த்தம். "இனிமே எல்லாம் சுலபம்"னும் எடுத்துக்கலாம், "இனிமே எல்லாம் சரிவுதான்"னும் எடுத்துக்கலாம். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைக்கு போன்ல இப்படி மொட்டையா சொன்னா அவர் எதை எடுத்துக்குவார்?

3/ காரைக்கால் பக்கம் எங்க திருவேட்டக்குடி கடலோரச் சமவெளி. சரிவுன்னு காட்ட ஒரு குன்று கூட கிடையாது. ஆனா அந்த நினைப்பு மட்டும் இங்கயும் உண்டு: "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்." நான் மறுக்கிறது இதைத்தான். சரிவில் உருளுற கல்லைப் பார்த்து யாரும் காரணம் கேட்க மாட்டாங்க.

4/ நம்ம பழமொழி, கழுதை தேய்ஞ்சு கட்டெறும்பான கதை. கேலிப் பழமொழிதான். ஆனா "தேய்ஞ்சு"ங்கிற சொல்லைக் கவனிங்க. ஒண்ணு தேயுதுன்னா, அதைத் தேய்க்கிறது ஏதோ இருக்கணும். அது எதுன்னு தேடுறதுதான் வைத்தியம்.

5/ வீட்டுப் பெரியவங்க தளர்ந்தா முதல் கேள்வி: எப்போ ஆரம்பிச்சது?

திடீர்னு, ஒண்ணு ரெண்டு நாளுக்குள்ள குழப்பம், உளறல்னா: தொற்று, சோடியம் குறைவு, சுகர் இறங்குறது, மாத்திரையின் விளைவு, பக்கவாதம். உடனே ஆஸ்பத்திரி.

சில வாரமா மந்தம்னா: முன்னாடி எங்கயாவது வழுக்கி விழுந்தாங்களா? லேசான அடியில் கூட மூளையைச் சுத்தி ரத்தம் மெதுவா கசிஞ்சு தேங்கலாம்.

மாசக்கணக்குன்னா: தைராய்டு குறைவு, பி12 குறைவு, மனச்சோர்வு. காது மந்தமும் கண்புரையும் கூட ஒருத்தரை முடக்கிப் போட்டுடும்.

6/ இதில் பலதுக்கு சிகிச்சை உண்டு. அல்சைமர் மாதிரி குணமாக்க முடியாத நோய்களும் இருக்கு, மறைக்கல. அங்கயும் வலி, தூக்கம், சாப்பாடு, கீழே விழாம பார்த்துக்கிறது, கவனிச்சுக்கிறவங்களுக்கு ஓய்வுன்னு செய்ய நிறைய இருக்கு.

7/ அடுத்த முறை எந்த டாக்டராவது "டவுன்ஹில்"னு சொன்னா தலையாட்டிட்டு வராதீங்க. "எதனால டாக்டர்? இப்போ என்ன செய்யலாம்?"னு கேளுங்க. புரியிற தமிழில் பதில் சொல்ல வேண்டியது எங்க கடமை.