பலூன் பரிசோதனையும் பின்வளவுப் புகையும்



கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். வீட்டில் இழுப்பு வருத்தம் உள்ள பிள்ளை இருந்தால் கட்டாயம் கடைசி வரை வாசியுங்கள்.

போன தவணையில் நடந்த விஷயம் இது. அன்று பாடசாலையில் சிரமதானம். பிள்ளைகள் வளவைக் கூட்டி, காய்ந்த இலை, யோகட் கப், பொலித்தீன் பை எல்லாவற்றையும் பின்பக்கம் குவித்தார்கள். பொறுப்பாசிரியர் நான்தான். "பத்த வையுங்கோ" என்று சொன்னதும் நான்தான். ஈர இலை என்பதால் நெருப்பை விடப் புகைதான் வந்தது. அந்த நேரம் காற்றும் அசையவில்லை. புகை அப்படியே தரம் 7 வகுப்புப் பக்கம் படுத்தது.

கால் மணித்தியாலம் போயிருக்கும். ஒரு பிள்ளை ஓடி வந்து, "சேர், அவனுக்கு மூச்சு எடுக்க ஏலாதாம்" என்றது. போய்ப் பார்த்தால், மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நிற்கிறான். தோள் இரண்டும் ஏறி இறங்குகிறது. கழுத்துக் குழி உள்ளே இழுபடுகிறது. "என்ன மகன்?" என்று கேட்டால் இரண்டு சொல்லுக்கு மேல் வரவில்லை. பையைத் தேடினோம், பம்ப் இல்லை. உம்மாவுக்குக் கோல் எடுத்தோம். "பம்ப் வீட்டு அலுமாரிக்குள்ள ஈக்கிது சேர், ஸ்கூலுக்குக் கொடுத்தா மத்தப் பிள்ளைகள் பார்ப்பாங்க என்று கொடுக்கல்ல" என்று அழுதார். த்ரீவீலில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். நெபுலைஸர் பிடித்து, மஃரிபுக்கு முன் வீட்டுக்கு வந்துவிட்டான். அல்ஹம்துலில்லாஹ்.

எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. ஏனென்றால் அதே கிழமைதான் அதே வகுப்பில் சுவாசம் படிப்பித்திருந்தேன். பிளாஸ்டிக் போத்தலின் அடியை வெட்டி, உள்ளே பலூன் கட்டி, கீழே றப்பர் தாளை இழுத்துக் காட்டும் பரிசோதனை. அந்தப் பிள்ளைதான் முன்னால் வந்து அழகாக விளக்கினான். சுவாசத்தை அவன் என்னிடம் சரியாகப் படித்தான். நான்தான் அதைப் படிக்கவில்லை போல.

அந்தப் பலூனை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். நாம் காற்றை உறிஞ்சுகிறோம் என்று நினைக்கிறோம். அப்படியல்ல. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையில் இருக்கிற பிரிமென்றகடு என்ற தசை சுருங்கிக் கீழே இறங்குகிறது. விலா எலும்புகள் மேலெழும்புகின்றன. நெஞ்சறை பெருக்கிறது, உள்ளே அமுக்கம் குறைகிறது, வெளிக்காற்று தானாக உள்ளே வருகிறது. சும்மா இருக்கும்போது வளர்ந்த ஒருவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை, ஒவ்வொரு தடவையும் கிட்டத்தட்ட அரை லீட்டர் காற்றை எடுத்து விடுகிறார். ஒரு நாளைக்குக் கணக்குப் பார்த்தால் கிட்டத்தட்ட 10,000 லீட்டர். குடிக்கிற தண்ணீரை வடிகட்டி, கொதிக்க வைத்து, ஆறவைத்துக் குடிக்கிறோம். அது இரண்டு மூன்று லீட்டர். பத்தாயிரம் லீட்டரை எதுவும் யோசிக்காமல் எடுக்கிறோம்.

அந்தக் காற்று வாதனாளி வழியாக இறங்கி, கிளை கிளையாகப் பிரிந்து, கடைசியில் சிற்றறைகளுக்குப் போகிறது. இரண்டு சுவாசப்பையிலும் சேர்த்து 30 கோடிக்கும் அதிகமான சிற்றறைகள். எல்லாவற்றையும் பிரித்து விரித்தால் சுமார் 70 சதுர மீற்றர். எங்கள் ஊரில் ஒரு சின்ன வீட்டின் அளவு. இவ்வளவும் ஒரு நெஞ்சுக் கூட்டுக்குள். அதன் சுவர் அவ்வளவு மெல்லியது என்பதால்தான் ஒட்சிசன் அந்தப் பக்கம் குருதிக்குள் போகவும், காபனீரொட்சைட்டு இந்தப் பக்கம் வரவும் முடிகிறது. மெல்லியதாக இருப்பதுதான் அதன் வேலை. அதனால்தான் காயப்படுவதும் சுலபம்.

மூக்கில் மயிர் இருக்கிறது, சளி இருக்கிறது, குழாய்களின் உட்சுவரில் பிசிர் போன்ற நுண்மயிர்கள் இருக்கின்றன. அவை தூசியை மேலே தள்ளிக்கொண்டே இருக்கின்றன. ஆனால் இந்தக் காவல் எல்லாம் பெரிய தூசிக்குத்தான். 2.5 மைக்ரோமீற்றரை விடச் சிறிய துணிக்கைகள், அதாவது தலைமயிரின் தடிப்பில் கிட்டத்தட்ட முப்பதில் ஒரு பங்கு உள்ளவை, எல்லாக் காவலையும் தாண்டிச் சிற்றறை வரை போய்விடும். டீசல் புகை, விறகுப் புகை, குப்பைப் புகை, சிகரெட் புகை எல்லாவற்றிலும் இருப்பது இவைதான். சுவாசப்பைக்கு எந்தப் புகை யாருடையது என்று தெரியாது.

இனி இழுப்பு. பலூன் பரிசோதனை முடிந்ததும் ஒரு பிள்ளை, "சேர், ஆஸ்துமா என்றால் பலூன்ல ஓட்டையா?" என்று கேட்டது. நல்ல கேள்வி. இல்லை, பலூன் சரியாகத்தான் இருக்கிறது. போத்தல் வாயில் உள்ள குழாய்தான் சுருங்குகிறது. குழாயின் உட்சுவர் வீங்கி, சுற்றியுள்ள தசை இறுகி, உள்ளே சளியும் சேர்கிறது. ஒரு குழாயின் ஆரை பாதியானால் காற்றுக்குத் தடை இரண்டு மடங்காகும் என்றுதான் நினைப்போம். ஆனால் பௌதிகவியல் கணக்குப்படி 16 மடங்கு. அதனால்தான் இப்போது ஓடி விளையாடிய பிள்ளை பத்து நிமிடத்தில் அப்படி ஆகிவிடுகிறது. சோம்பலுக்கு நடிக்கிறான் என்று சொல்கிற ஆசிரியர்கள் (நானும் ஒரு காலத்தில் சொன்னேன்) ஒரு மெல்லிய ஸ்ட்ரோவை வாயில் வைத்து, மூக்கைப் பொத்திக்கொண்டு படியேறிப் பார்க்கட்டும். இழுப்பு உள்ளவர்கள் இதைச் செய்ய வேண்டாம்.

எங்கள் கடுகண்ணாவையில் காற்று நல்லது என்று எல்லோரும் நினைக்கிறோம். மலை, மரம், குளிர். கொழும்பிலிருந்து வருகிற சொந்தக்காரர்களும் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் எங்கள் ஊரே ஒரு ஏற்றம். 1820களில் வெட்டிய கொழும்பு-கண்டி வீதியும், 1867 இல் கண்டிக்கு வந்த ரயிலும் இந்த மலையைத்தான் ஏற வேண்டியிருந்தது. டோசன் கோபுரத்தைப் படம் எடுக்க நிற்கிறவர்கள் ஒரு பத்து நிமிடம் வீதியைப் பாருங்கள். மாவனெல்லைப் பக்கமிருந்து ஏறுகிற லொறியும் கண்டேனரும் பழைய பஸ்ஸும் முதல் கியரில் கறுப்பாகத் தள்ளிக்கொண்டு போகும். சம தரையில் வருகிற புகையல்ல அது. பாரம் ஏற்றி மலை ஏறும்போது என்ஜின் எரிக்கிற டீசலும் அதிகம், விடுகிற புகையும் அதிகம். 2008 இலிருந்து வருடாவருடம் புகைப் பரிசோதனை இருக்கிறது. சான்றிதழ் எல்லோரிடமும் இருக்கிறது. புகையும் இருக்கிறது.

கண்டி இன்னும் கஷ்டம். கிண்ணம் மாதிரி இடம், ஒரு பக்கம் ஹந்தானை, மறுபக்கம் உடவத்தகெலே. கொழும்புப் புகையைக் கடல் காற்று கொண்டுபோய்விடும். கண்டியில் காலையில் குளிர்ந்த காற்று கீழே தங்கி, மேலே சூடான காற்று மூடி போட்ட மாதிரி நிற்கும். ஸ்கூல் வேன்களும் பஸ்களும் நெரிகிற நேரமும் அதுதான். பேராதனைப் பல்கலைக்கழக இரசாயனவியல் பேராசிரியர் ஒலிவர் இலேபெரும இதைப் பல வருடமாகச் சொல்லி வந்தவர். நாங்கள் 2022 டிசம்பரில்தான் முழித்தோம். இந்தியாவின் பக்கமிருந்து வந்த மாசும் சேர்ந்து நாடே மங்கலாகி, 9 ஆம் திகதி பாடசாலைகளையும் மூடினார்கள். மறு கிழமை வானம் தெளிந்தது, நாங்களும் மறந்தோம்.

லண்டனில் எல்லா அடூ-கிஸ்ஸி-டெப்ரா என்று ஒரு பிள்ளை இருந்தது. வாகனம் நெரிகிற சவுத் சேர்குலர் வீதிக்குக் கிட்ட வீடு. கடும் ஆஸ்துமா. கிட்டத்தட்ட 30 தடவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். 2013 பெப்ரவரியில், ஒன்பது வயதில் இறந்தது. உம்மா ஓர் ஆசிரியை. அவர் விடவில்லை. 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி, அந்த மரணத்துக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்று தீர்ப்புச் சொன்னார். பிரித்தானியாவில் அப்படிப் பதிவான முதல் மரணம் அது. அந்தத் தீர்ப்பில் என்னை உலுக்கியது வேறு இடம்: காற்றுக்கும் பிள்ளையின் வருத்தத்துக்கும் உள்ள தொடர்பை அந்தத் தாய்க்கு யாரும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் அவர் ஏதாவது செய்திருப்பார் என்பது. லண்டனிலேயே சொல்ல ஆள் இல்லை என்றால் எங்கள் ஊர் உம்மாமாருக்கு யார் சொல்வது?

எங்கட உம்மாவுக்கும் யாரும் சொல்லவில்லை. ஒருநாளும் சிகரெட் தொடாதவர். நாற்பது வருடம் விறகடுப்பு. புகைபோக்கி இல்லாத குசினி. இப்போது பத்துப் படி ஏற மூன்று தடவை நிற்கிறார். டொக்டர் "புகைப்பிடிக்கிறவரா?" என்று கேட்டபோது உம்மா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2012 குடிசன மதிப்பீட்டின்படி இந்த நாட்டில் நான்கில் மூன்று பங்குக்கு மேலான வீடுகள் விறகில்தான் சமைத்தன. 2022 இல் கேஸ் வரிசையில் நின்று களைத்து, விட்டவர்களும் திரும்ப விறகுக்குப் போனார்கள். கேஸ் வாங்க ஏலாத வீட்டுக்குக் கேஸ் வாங்குங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. விறகைக் காய வைத்து எரிக்கலாம். ஒரு புகைபோக்கி வைக்கலாம், கதவை ஜன்னலைத் திறந்து வைக்கலாம். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்படியில் நிற்காமல் இருக்கலாம்.

நுளம்புச் சுருளும் அப்படித்தான். மூடிய அறையில் ஒரு சுருள் எரிந்து முடிய வருகிற நுண்துணிக்கை 75 முதல் 137 சிகரெட் வரைக்கும் சமம் என்று ஓர் ஆய்வு இருக்கிறது. நுளம்பு வலை அதை விட மலிவு. வியாழன் பின்னேரம் சாம்பிராணி போடுவதை விடச் சொன்னால் எனக்கு வீட்டில் சோறு கிடைக்காது. போடுங்கள், ஜன்னலைத் திறந்து போடுங்கள், இழுப்பு உள்ள பிள்ளை இருக்கிற அறையில் வேண்டாம்.

பம்ப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். "பம்ப் பழகிடும்", "குமர்ப் பிள்ளைக்கு பம்ப் என்று தெரிந்தா கலியாணம் வராது", "சிரப் கொடுத்தா போதும்". இந்த மூன்று கதையும்தான் அந்தப் பம்பை அலுமாரிக்குள் பூட்டி வைத்தது. பம்ப் பழக்கமாகிற சாமான் இல்லை. நேராகச் சுருங்கிய குழாய்க்கே போவதால் மருந்தின் அளவு சிரப்பை விட மிகக் குறைவு. இரண்டு வகை இருக்கிறது. ஒன்று இழுக்கிற நேரம் குழாயைத் திறக்கிறது. மற்றது தினமும் எடுத்து வீக்கத்தை அடக்குகிறது. இரண்டாவதைத்தான் "இப்ப சுகம்தானே" என்று எல்லோரும் நிறுத்துகிறார்கள். சுகமாக இருப்பதே அதனால்தான். நிறுத்துவதை டொக்டர் முடிவு செய்யட்டும். சின்னப் பிள்ளைக்கு ஸ்பேசர் வாங்க வசதி இல்லையென்றால், அரை லீட்டர் தண்ணீர்ப் போத்தலின் அடியில் பம்பின் வாய்க்கு அளவாக ஓட்டை போட்டுச் செய்யலாம். கிளினிக்கில் கேட்டால் காட்டித் தருவார்கள். கப்சூல் போட்டு இழுக்கிற வகைக்கு இது தேவையில்லை.

நோன்பு காலத்தில் சிலர் பம்பை முழுசாக விட்டுவிடுகிறார்கள். தினசரி பம்பைப் பெரும்பாலும் ஸஹருக்கும் இப்தாருக்கும் மாற்றிக்கொள்ளலாம், நோன்புக்கு முன்பே டொக்டரிடம் கேளுங்கள். நோன்போடு பம்ப் அடித்தால் நோன்பு முறியுமா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு, உங்கள் ஆலிமிடம் கேளுங்கள். நோயாளி நோன்பை விட்டுப் பிறகு கழாச் செய்யலாம் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. மூச்சுத் திணறுகிற பிள்ளையை "மஃரிப் வரைக்கும் பொறு" என்று வைத்திருக்காதீர்கள்.

பிள்ளை ஒரு வசனத்தை முழுசாகச் சொல்ல முடியாமல் நின்றால், விலாவுக்கு இடையில் குழி விழுந்தால், உதடு நீலம் பாய்ந்தால், ஆவி பிடிக்க வைப்பதும் தைலம் பூசுவதும் வேண்டாம். நிமிர்த்தி உட்கார வையுங்கள், படுக்க வைக்காதீர்கள். பம்பைக் கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இன்னொன்று, இது பெரியவர்களுக்கு: இரண்டு கிழமைக்கு மேல் இருமல் இருந்தால் மார்பு நோய் சிகிச்சை நிலையத்தில் சளியைப் பரிசோதியுங்கள். அரசாங்கத்தில் இலவசம். காசநோய் என்றால் மருந்தும் இலவசம், குணமாகிற நோயும் கூட.

இனி என் கருத்து. சிலருக்குப் பிடிக்காது. பாடசாலைகளில் நாங்கள் சிகரெட்டுக்கு எதிராகப் போஸ்டர் ஒட்டுகிறோம், பேச்சுப் போட்டி வைக்கிறோம். வைக்கத்தான் வேண்டும். 2006 ஆம் ஆண்டின் சட்டமும் பெட்டியில் 80 வீதம் வரும் எச்சரிக்கைப் படமும் சும்மா வந்ததல்ல. ஆனால் அந்தப் போஸ்டர் ஒட்டிய சுவருக்குப் பின்னால் நாங்களே குப்பையை எரிக்கிறோம். 1.30 மணிக்குக் கேட்டடியில் பத்து வேன் என்ஜினை நிறுத்தாமல் நிற்கிறது, அதன் புகைக்குழாய் இருக்கிற உயரத்தில்தான் தரம் 1 பிள்ளையின் முகம். திறந்த வெளியில் குப்பை எரிப்பது 2017 இலிருந்து சட்டப்படி தடை. அதை எனக்குச் சொன்னது அதிகாரி யாருமல்ல, சம்பவத்துக்குப் பிறகு நானே தேடிப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது.

"ஏற்றத்தில் போகிற கண்டேனரை நிறுத்த ஏலுமா, இலையை எரிக்கிறதையா பிடிக்கிறீங்க?" என்று ஸ்டாஃப் ரூமில் ஒரு நண்பர் கேட்டார். கண்டேனர் என் கையில் இல்லை. நெருப்புப் பெட்டி என் கையில்தான் இருந்தது.

பாடசாலை அபிவிருத்திக் குழுக் கூட்டத்தில் மூன்று விஷயம் கேட்டிருக்கிறேன். வளவுக்குள் எதையும் எரிப்பதில்லை. கேட்டடியில் வேனும் த்ரீவீலும் என்ஜினை நிறுத்த வேண்டும். இழுப்பு உள்ள பிள்ளைகளின் பெயரும் பம்பும் வகுப்பாசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மூன்றாவதற்கு உடனே சம்மதித்தார்கள். இரண்டாவதற்கு வேன்கார நானாமாரோடு பேச வேண்டும், ஏஸி போட்டு நிற்கிறவர்கள் கொஞ்சம் முறைக்கிறார்கள். முதலாவதில்தான் சிக்கல், இலையை என்ன செய்வது என்று கேட்கிறார்கள். கூட்டெருக் குழி வெட்ட இடம் பார்த்திருக்கிறேன், பொலித்தீனைப் பிரதேச சபை வண்டிக்குப் பிரித்துக் கொடுக்கலாம்.

உங்கள் பாடசாலையில் யாராவது கூட்டெரு செய்து பழகியிருந்தால், மழைக்காலத்தில் நாற்றம் வராமல் எப்படிப் பார்த்துக்கொண்டீர்கள் என்று கமெண்டில் எழுதுங்கள். அடுத்த கூட்டம் புதன்கிழமை.