வீட்டுக் கோழி: குஞ்சுக்கு எவ்வளவு இடம் வேண்டும்?



யாங்கோனில் புதிதாகக் குடியேறும் நம் குடும்பங்கள் பல, கைச்செலவுக்கு ஆகுமே என்று கோழிக்குஞ்சு வாங்குகின்றன. நல்ல எண்ணம்தான். ஆனால் கூடையில் கீச்சிடும் குஞ்சுகளைக் கண்டதும் இருபது, முப்பது என்று வாங்கிவிட்டு, வீட்டுக்கு வந்த பிறகுதான் இடம் தேடுகிறோம். நெருக்கத்தில் குஞ்சு செத்தால் போவது நாம் ஆலையில் நின்று உழைத்த கூலி. ஆகவே, எத்தனை குஞ்சு என்பதை வீட்டில் அளந்து முடிவு செய்யுங்கள்.

கணக்கு எளிது. முதல் நான்கு வாரம் ஒரு குஞ்சுக்கு அரை சதுர அடி. எட்டு வாரம் வரை ஒரு சதுர அடி. வளர்ந்த கோழிக்கு இரண்டு சதுர அடி. கடைசி அளவை வைத்தே கணக்குப் போடுங்கள். லைங்தாயா போன்ற புதுநகரங்களில் 20க்கு 60 அடி மனைகள் உண்டு. அதில் வீடு, குளியலிடம் போக 4க்கு 5 அடி மிஞ்சினால் 20 சதுர அடி. அதில் பத்துக் கோழிதான் வளரும். பத்தே வாங்குங்கள்.

பத்துக் குஞ்சுக்கு முதல் மாதம் 5 சதுர அடி போதும். 8 அடி நீளமுள்ள தகரம் அல்லது தடித்த அட்டையை வட்டமாக வளைத்துக் கட்டினால் அந்த இடம் கிடைக்கும். உயரம் ஒன்றரை அடி. சதுரப் பெட்டி வேண்டாம். குளிரில் குஞ்சுகள் மூலையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, அடியில் இருப்பவை மூச்சுத் திணறிச் சாகும். தரையில் இரண்டு அங்குலம் உமி பரப்புங்கள். நனைந்ததை அன்றே மாற்றுங்கள்.

முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். பிறகு வாரம் 3 டிகிரி குறைத்துக்கொண்டு வரலாம். பத்துக் குஞ்சுக்கு 40 வாட் குண்டு பல்பு ஒன்றை ஒரு பக்கமாகத் தொங்கவிடுங்கள். எல்.இ.டி. பல்பு வெளிச்சம் தரும், சூடு தராது. குஞ்சுகள் பல்பின் கீழ் குவிந்தால் குளிர். வாயைத் திறந்து விலகி நின்றால் சூடு அதிகம். பரவி நின்றால் சரி. மின்சாரம் போனால் போத்தலில் வெந்நீர் ஊற்றி, துணியில் சுற்றி வையுங்கள். அடைத்த அறையில் கரி அடுப்பு வைக்காதீர்கள். அந்தப் புகை குஞ்சையும் கொல்லும், நம்மையும் கொல்லும்.

வளர்ந்தபின் கூண்டு தரையிலிருந்து ஒன்றரை அடியாவது உயர்ந்து நிற்கட்டும். மே முதல் அக்டோபர் வரை மழை தென்மேற்கிலிருந்து அடிக்கும். அந்தப் பக்கத்தை மூங்கில் தட்டியால் அடைத்து, கூரையை நீட்டி இறக்குங்கள். மற்றப் பக்கங்களில் அரை அங்குலக் கம்பிவலை அடித்தால் எலியும் பாம்பும் நுழையாது.

இன்னொன்று. படுக்கும் அறையிலும் கட்டிலடியிலும் குஞ்சு வளர்க்க வேண்டாம். 2006 மார்ச்சில் மண்டலே, சகாயிங் பகுதிகளில் கோழிகளுக்குக் கண்ட பறவைக் காய்ச்சல், 2007 பிப்ரவரியில் யாங்கோனுக்கும் வந்தது. அந்த ஆண்டு இறுதியில் ஷான் மாநிலத்தில் ஒரு சிறுமிக்கும் தொற்றியது, அவள் பிழைத்துக்கொண்டாள். நம் பிள்ளைகள் தூங்கும் இடம் வேறு, கோழி அடையும் இடம் வேறாகவே இருக்கட்டும். குஞ்சைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவப் பழக்குங்கள்.

இடம் சிறிதென்று மனம் தளராதீர்கள். முப்பதை வாங்கிப் பாதியைப் புதைப்பதைவிடப் பத்தை வாங்கிப் பத்தையும் வளர்ப்பதே ஆதாயம்.

அடுத்த இதழில் தீவனம் பற்றிப் பார்ப்போம்.