குலத்தொழில் என்னும் சாக்கு

காஞ்சிப் பட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: “பிஞ்சு விரல்தான் இழைக்கு இணங்கும். சின்ன வயசிலேயே உட்கார்ந்தால்தான் கை பழகும். இது குலத்தொழில், கொத்தடிமை இல்லை.”

அந்தப் பிஞ்சு விரல் என்னதான் பழகியது? உடலையும் கரைகளையும் தனித்தனி நாடாவால் நெய்து இணைக்கும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா. உடலையும் ஒரு கரையையும் நெசவாளர் பார்த்துக்கொள்வார். மறுகரை நாடாவை வாங்கி எறிய ஓர் ஆள் வேண்டும். பல காலம் அந்த ஆள் ஒரு குழந்தை. பாவு ஏற்றவோ வடிவத்துக்கான அட்டை கோக்கவோ அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை. நாள் முழுக்க நாடா எறிய வேண்டும், அறுந்த இழையை முடிய வேண்டும், திட்டு வாங்க வேண்டும். குழந்தைகள் பெரும்பாலும் விலகிய பிறகும் பெரியவர்கள் அங்கே உட்கார்ந்து எறிகிறார்கள். கோர்வை விழத்தான் செய்கிறது. என்ன, பெரியவருக்குப் பெரியவர் கூலி தர வேண்டும்.

‘குடும்பத் தொழில்’ என்பதும் பாதிப் பொய். பல பிள்ளைகள் உட்கார்ந்தது அடுத்தவர் தறியில், பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காக. அதைத் திருப்பித் தராமல் வேறு தறிக்கு மாற முடியாது. 1976இல் சட்டம் ஒழித்த கொத்தடிமை முறை காஞ்சிபுரத்துத் தறிகளில் இருந்ததை 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அறிக்கை பதிவுசெய்தது.

விரல் கதை நம்மூர்ச் சரக்கும் அல்ல. இங்கிலாந்தின் 1833ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் ஒன்பது வயதுக்குட்பட்டவர்களை நெசவாலைகளில் சேர்க்கத் தடை விதித்தது. பட்டாலைகளுக்கு மட்டும் விலக்கு! மெல்லிய இழைக்கு மெல்லிய விரல் என்று அங்கேயும் முதலாளிகள் வாதாடினார்கள். பருத்தி ஆலைக்காரர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை.

நம் விலக்கின் பெயர் குடும்பம். 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் தடைசெய்த வேலைகளில் நெசவும் உண்டு. குடும்பத்தாரோடு நடத்தும் பட்டறைக்கு மட்டும் தடை இல்லை என்று அதுவே சொன்னது. தறிக்காரருக்கு வேறென்ன வேண்டும்? கேட்டால், “எங்க அண்ணன் பையன், சார்.”

அதற்கு வெகு முன்பே, 1953இல், முதல்வர் ராஜாஜி அரை நாள் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்றார். குலக்கல்வி என்று எதிர்த்தவர்களில் காஞ்சி நெசவாளர் குடும்பத்து அண்ணாவும் ஒருவர். 1954இல் முதல்வரான காமராஜர் அதைக் கைவிட்டார். 2016இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டமோ பள்ளி விட்ட பிறகும் விடுமுறையிலும் அபாயமில்லாத குடும்பத் தொழிலில் பிள்ளைகள் ‘உதவலாம்’ என்கிறது. இரவு எட்டு மணிக்குத் தறி வீட்டுக்குள் நுழைந்து, நாடா எறியும் பையன் யார் வீட்டுப் பிள்ளை, எந்த முன்பணத்துக்கு உட்கார்ந்திருக்கிறான் என்று எந்த ஆய்வாளர் விசாரிப்பார்?