தக்காளிக்குக் காற்று ஓட

நெல்லுக்கு நண்டும், கரும்புக்கு நரியும், வாழைக்கு வண்டியும், தென்னைக்குத் தேரும் ஓடத்தக்க இடைவெளி வேண்டுமென்று விதித்த நம் முன்னோர், பயிருக்கும் பயிருக்கும் இடையேயுள்ள தூரத்தை அடிக்கணக்கிலோ முழக்கணக்கிலோ சொல்லாமல், அவ்விடைவெளியில் எது தடையின்றிச் சென்றுவர வேண்டுமோ அதனையே அளவுகோலாக வைத்துச் சொன்னதில் ஆழ்ந்த யுக்தி ஒன்று இருக்கிறது. அமெரிக்கக் கண்டத்திற் பிறந்து ஐரோப்பியர் மூலமாக நம்மிடம் வந்து சேர்ந்த தக்காளி அந்தப் பழமொழி உண்டான காலத்தில் நம் நிலங்களில் இல்லை. ஆதலால் அதற்கு எது ஓட வேண்டுமென்று யாரும் சொல்லிவைக்கவுமில்லை. ரசமும் சம்பாலும் தக்காளியின்றி நடவாத இக்காலத்தில், கிள்ளான் பள்ளத்தாக்கில் அதனைப் பயிரிடத் துணிந்திருக்கும் நாம் அந்தக் குறையை நமக்கு நாமே நிரப்பிக்கொள்ள வேண்டியவர்களாக இருக்கிறோம்.

"எத்தனைக்கு எத்தனை நடுவது?" என்பதே நம் அன்பர்கள் அடிக்கடி விடுக்கும் வினா. தமிழ்நாட்டுப் பரிந்துரையைக் கையில் வைத்திருப்போர், பெரியகுளத்தில் உருவான பிகேஎம் 1 ரகத்துக்கு வரிசைக்கு வரிசை 60 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 45 சென்டிமீட்டர் என்றும், உருவிற் சிறிய கோ 3 ரகத்துக்கு 45க்கு 30 என்றும் உடனே விடை கூறிவிடுவர். முன்னதன்படி நட்டால் ஒரு ஹெக்டருக்குச் சுமார் 37,000 செடிகள் நிற்கும். அந்த அளவு பிழையானதன்று. அது பிறந்த மண்ணுக்கு அது சரியான அளவே. அண்ணஞ்சி என்ற உள்ளூர் ரகத்திலிருந்து தூண்டப்பெற்ற மாற்றத்தால் தோன்றிய பிகேஎம் 1, ஓரளவோடு வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு குத்தாகப் படரும் சுபாவமுடையது; பெரியகுளமோ மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில், வறண்ட காற்று வீசும் பிரதேசத்தில் உள்ளது. அங்கே இலைமேல் விழுந்த நீர் நெடுநேரம் தங்குவதில்லை. செடியின் சுபாவம், காற்றின் வறட்சி என்னும் இவ்விரண்டையும் உள்ளடக்கிப் பிறந்த எண்ணை, அவ்விரண்டையும் அங்கேயே விட்டுவிட்டு நாம் தனியே எடுத்து வந்திருக்கிறோம்.

இவ்வாறு எடுத்து வந்தவர்களில் நாமும் ஒருவர் என்பதை ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. சில ஆண்டுகளுக்கு முன் கிள்ளானில் வீட்டின் பின்புறத்து நிலத்தில், நெடுக வளரும் கலப்பின ரகமொன்றைக் கொம்பு நாட்டி, அதே 60க்கு 45 அளவில், திறந்த வெளியில் மூன்று வரிசையாக நட்டோம். ஐந்து வாரம் வரை கண்கொள்ளாத பசுமை. போவோர் வருவோர் நின்று பார்த்துச் சென்றனர். அக்டோபர் மழை இறங்கியதும், வெளி வரிசைகள் இரண்டும் ஒருவாறு தாக்குப்பிடிக்க, நடுவரிசையில் மட்டும் அடியிலைகள் வட்ட வட்டமான கரும்புள்ளியோடு பழுத்துக் கீழிருந்து மேலாகக் காய்ந்துகொண்டே வந்தன. அதன்பின், வடிகாலையொட்டிய செடிகள் ஒவ்வொன்றாக, இலை மஞ்சளாகாமலே, நண்பகலில் வாடி மாலையில் தேறுவதுபோற் காட்டி, மூன்றாம் நாள் அடியோடு தலை சாய்ந்தன. ஒரு தண்டை அறுத்துக் கண்ணாடிக் குவளை நீரில் நிறுத்திய சிறிது நேரத்தில், வெட்டுவாயிலிருந்து பால்போன்ற மெல்லிய இழை நீரினுள் இறங்கக் கண்டோம். பாக்டீரியா வாடல் நோய்க்கு அதனினும் பிரத்தியட்சமான சாட்சி வேண்டியதில்லை.

இவ்விரு கேடுகளையும் வேறுபிரித்தறிதல் முக்கியம். வாடல் நோய் மண்ணிலிருந்து வருவது. நீரோட்டத்தாலும், வேரோடு வேர் உரசுவதாலும், மண்வெட்டியாலும், நம் காலணியாலும் பரவுவது. இடைவெளியைக் கூட்டினால் மட்டும் அது நீங்கிவிடாது. மேட்டுப்பாத்தியும், ஒரு பாத்தியின் நீர் மற்றொன்றில் பாயாத வடிகாலும், ஒட்டுநாற்றும் அதற்குரிய பரிகாரங்கள். தாய்வானில் 1971இல் நிறுவப்பெற்ற ஆசியக் காய்கறி ஆராய்ச்சி நிலையம், வாடலையும் தேங்கும் நீரையும் தாங்கவல்ல ஈஜி 203 என்னும் கத்தரி வேர்ச்செடியின்மேல் தக்காளியை ஒட்டுமாறு தாழ்நிலத்தார்க்குப் பரிந்துரைத்தது நம் கடலோரக் களிமண்ணுக்கு மிகவும் பொருந்துவதாகும். ஆனால் நடுவரிசையைத் தின்ற இலைப்புள்ளி நோயோ முற்றிலும் இடைவெளியின் குற்றம். அதாவது, நம் குற்றம்.

இதன் காரணத்தை நம் வானமே சொல்லும். இப்பள்ளத்தாக்கில் மழை பெரும்பாலும் பிற்பகலில் இடியோடு வருகிறது. ஏப்ரலையொட்டியும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் அநேகமாக நாள்தோறும் வருகிறது. நான்கு மணிக்குப் பெய்த மழை ஆறு மணிக்கு ஓய்ந்தால், ஏழு மணியளவில் சூரியன் மறைந்துவிடுகிறான். இரவெல்லாம் ஈரம் செறிந்து அசைவற்று நிற்கும் காற்றில் இலை உலர்வதில்லை. மறுநாட் காலை ஏழு மணிக்குமேல் எழும் வெயில், நெருங்கி நிற்கும் செடிகளின் உட்புறத்தை எட்டுவதற்குப் பத்து மணியாகிவிடுகிறது. ஒரு மழைக்குப் பதினாறு மணிநேர ஈரம்! பூஞ்சணத்தின் வித்துக்கள் முளைத்து இலையைத் துளைப்பதற்கு அதில் பாதி நேரமே போதுமானது. விடியலில் பெய்து பகலில் உலரும் மழையும், மாலையில் பெய்து இரவில் தங்கும் மழையும் மழைமானியில் ஒரே அளவாகத் தோன்றினும், தக்காளிக்கு அவை வெவ்வேறு விதிகள்.

இங்கே தாழ்நிலத்து விவசாயியை மயக்கும் போலி நியாயம் ஒன்றையும் எடுத்துக்காட்டுவது அவசியமாகிறது. டச்சு நாட்டிற் பிறந்து கலிஃபோர்னியாவில் ஆராய்ச்சி புரிந்த ஃபிரிட்ஸ் வென்ட், தக்காளி செழிப்பாகக் காய் பிடிப்பதற்கு இரவு வெப்பம் 15 முதல் 20 பாகைக்குள் இருத்தல் வேண்டுமென்று 1944இல் எடுத்துக்காட்டினார். ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்திலிருக்கும் கேமரன் மலையின் தானா ராத்தாவுக்கு அந்த இரவு இயற்கையாகவே வாய்த்திருக்கிறது. இந்நாட்டுத் தக்காளியின் பெரும்பகுதி அம்மலையிலிருந்து இறங்கி வருவதன் ரகசியமும் அதுவே. கோலாலம்பூரின் இரவோ 23, 24 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. ஆகவே வெப்பந் தாங்கும் ரகத்தையே நட்டாலும் பூவில் ஒரு பங்கு உதிர்கிறது. "ஒரு செடிக்குக் காய் குறைவாயின், செடிகளைக் கூட்டிச் சரிக்கட்டுவோம்" என்று விவசாயி நினைப்பது மனித இயல்பு. ஆனால் நெருக்கத்தில் ஈரம் மிகுகிறது. ஈரம் மிக்க காற்றில் மகரந்தம் தூளாக உதிராமல் ஒட்டிக்கொள்கிறது. பூவை அசைத்து அதனை உதிர்க்க வேண்டிய காற்றும் உள்ளே நுழைவதில்லை. குறையை நிரப்ப வந்த செடி குறையையே பெருக்குகிறது.

செடிகளைக் கூட்டிக்கொண்டே போனால் ஓர் எல்லைக்குமேல் நிலத்தின் மொத்த விளைபொருள் கூடாது என்பதை ஜப்பானில் கிராவும் அவர் குழுவினரும் 1953இல் நிறுவினர். தழை, தண்டு யாவும் சேர்ந்த மொத்த எடை அவ்வாறு ஒரு நிலையில் நின்றுவிடினும், கனியும் தானியமும் உச்சத்தைத் தொட்டபின் இறங்கவே செய்யும் என்பதை 1960இல் ஹாலிடே தெளிவாக்கினார். நாம் சந்தைக்குக் கொண்டுசெல்வது தழையை அன்று.

இடைவெளியின் கணக்கு நம் இனத்தவர்க்குப் புதிதுமன்று. இருபதடிக்கு இருபதடி சதுரமாக நட்டால் ஏக்கருக்கு 108 பால்மரம் என்ற கணக்கை ஏட்டிற் படியாமலே, கயிறு பிடித்துக் குழி வெட்டிய கைகளின் வழியாக அறிந்தவர்கள் நம் பாட்டன்மார். கோலசிலாங்கூர் வட்டாரத்தில் 1917இல் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் வணிகமுறையில் இந்நாட்டின் முதற் செம்பனைத் தோட்டத்தை அமைத்தார். அது தென்னமரம் என்று தமிழ்ப் பெயர் தாங்கியே இன்றும் வழங்குவது நமக்கு மகிழ்ச்சி தருவது. செம்பனையை 9 மீட்டர் முக்கோணமாக நட்டால் ஹெக்டருக்கு 143 மரம். அதே தூரத்தில் சதுரமாக நட்டால் 123 மட்டுமே. தூரம் ஒன்றாயிருக்க, வடிவம் மாறியதனால் மட்டுமே நூற்றுக்குப் பதினைந்துக்குமேல் லாபம். இந்த அனுபவத்தை நினைவிற்கொண்டு தக்காளியையும் முக்கோணமாக நட்டால் என்ன என்று வினவும் அன்பர்கள் உளர்.

குத்தாகப் படரும் ரகமாயின் அதில் தவறில்லை. அதுவும் செம்பனையைப்போல் எத்திசையும் ஒக்கப் பரவி வட்டமாக நிற்பது. ஆனால் கயிற்றிலேற்றி ஒற்றைத் தண்டாக வளர்க்கும் தக்காளி வட்டமன்று, அது சுவர். வட்டங்களை முக்கோணமாக அடுக்குவது சாஸ்திரம். சுவர்களை அடுக்குவதற்கு அறிய வேண்டியவை இரண்டே: சுவருக்குச் சுவர் எவ்வளவு தூரம், சுவர் எத்திசை நோக்கியது என்பன. ஆளுயரச் சுவர்கள் இரண்டு அரை மீட்டர் இடைவெளியில் நின்றால் அவற்றிடையே ஓர் ஆள் புகுவதே கடினமாயிருக்க, காற்று எங்ஙனம் புகும்? சந்து வழியே பக்கவாட்டில் நடந்து, பழம் பறிக்கப்போய்க் கிளை முறிப்பவன் அந்தத் தோட்டத்தின் அளவு தவறென்பதைத் தன் தோளாலேயே அறிவான்.

இக்காரணங்களால், கயிற்றிலேற்றிய தக்காளிக்கு இணைவரிசையைத் தவிர்த்து, ஒரு மேட்டுப்பாத்திக்கு ஒரே வரிசையாக, வரிசைக்கு வரிசை 1.2 மீட்டர், செடிக்குச் செடி 50 சென்டிமீட்டர் என்பதைத் தொடக்க அளவாகக் கொள்ளலாம் என்பது நம் அபிப்பிராயம். ஹெக்டருக்குச் சுமார் 16,600 செடி; பெரியகுளத்துக் கணக்கிற் பாதிக்கும் குறைவு. ஒட்டுநாற்றின் விலை சுமையாயின், செடிக்குச் செடி ஒரு மீட்டர் விட்டு, ஒவ்வொன்றிலும் இரண்டு தண்டுகளை விரித்தேற்றலாம். நாற்று பாதியாகும், சதுர மீட்டருக்குரிய தண்டின் எண்ணிக்கை மாறாது. செடியை எண்ணுவதைவிடத் தண்டை எண்ணுவதே இம்முறையில் மெய்யான கணக்கு. பக்கத் தளிரை வாரந்தோறும் கிள்ளாதவனுக்கோ எந்த இடைவெளியும் போதாது. அவன் விட்ட இடத்தையெல்லாம் ஒரே மாதத்தில் தளிர் அடைத்துவிடும்.

திசையைப்பற்றி ஒரு நியாயமான விவாதம் உண்டு. பூமத்திய ரேகைக்கு வடக்கே மூன்று பாகையில் வாழும் நமக்குச் சூரியன் பாதி ஆண்டு வடக்கே சாய்ந்தும் மீதி ஆண்டு தெற்கே சாய்ந்தும் செல்கிறான். வரிசை வடக்குத் தெற்காக ஓடினால் காலை வெயில் கீழ்ப்புறத்தையும் மாலை வெயில் மேற்புறத்தையும் நேர்படத் தாக்கி உலர்த்தும். ஆனால் கிள்ளான், காப்பார் முதலிய கரையோரங்களிற் பிற்பகற் கடற்காற்று மேற்கிலிருந்து வருகிறது. அதற்கு அந்த வரிசைகளே குறுக்குச் சுவராகிவிடுகின்றன. இரண்டுக்கும் இடமளிக்க விரும்புவோர், வடக்குத் தெற்கான வரிசையைப் பத்து மீட்டருக்கு ஒருமுறை அறுத்து, கைவண்டி செல்லுமளவு குறுக்குவழி விடுவதே தக்கது. கூரை போட்டுவிட்டால் இக்கவலையெல்லாம் ஒழியும் என்று எண்ணுவோர்க்கும் ஒரு சொல்: பிளாஸ்டிக் கூரை மழையைத் தடுக்கும், ஈரக்காற்றைத் தடுக்காது, பக்கங்களிற் பூச்சிவலையும் கட்டினால் காற்று இன்னும் குறையும், இலையின் அடியிற் பழுப்பு வெல்வெட்டுப்போற் படரும் இலைப்பூஞ்சணத்துக்கு அத்தகைய இடமே சுவர்க்கம். கூரையின் கீழும் இடைவெளியைக் குறைக்கலாகாது.

நிலமே இல்லாத பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடிவாசிகளையும் இவ்வுரை மறந்துவிடவில்லை. மாடிமுகப்பில் பாலிபேக்கில் வளர்ப்பவர்க்கு நிலத்தில் நடுபவர்க்கில்லாத வசதியொன்று உண்டு; அவர்களுடைய இடைவெளி வளரக்கூடியது. நாற்றுப்பருவத்திற் பைகளை ஒட்டி வைத்து, இலையோடு இலை தொடும்போதெல்லாம் ஒரு சாண் விலக்கிக்கொண்டே வரலாம். பத்துப் பைக்கு இடமிருந்தால் முடிவில் ஐந்து பையே தங்குமென்று முதலிலேயே தீர்மானித்து, மற்ற ஐந்தை அண்டை வீட்டாருக்குக் கொடுத்துவிடுவது பயிருக்கும் நட்புக்கும் நல்லது.

நாம் தந்த 1.2 மீட்டரையும் வேதவாக்காகக் கொள்ளலாகாது. செர்டாங்கில் 1931இல் வேளாண்மைப் பள்ளி தொடங்கிய காலமுதல் இன்றுவரை அங்கே செய்யப்படும் பரிசோதனைகள் யாவும் உணர்த்துவது, ஓர் அளவு அந்தந்த நிலத்தில் நிரூபிக்கப்படல் வேண்டும் என்பதையே. அந்நிரூபணத்துக்குப் பெருங்கருவி எதுவும் தேவையில்லை. மாலை மழை பெய்த மறுநாட் காலை ஒன்பது மணிக்கு, வெள்ளைக் கைக்குட்டையோடு தோட்டத்துக்குள் சென்று, நடுவரிசையில் முழங்காலுயரத்து உள்ளிலையொன்றை அதனால் ஒற்றிப் பாருங்கள். கைக்குட்டை நனையாவிட்டால் உங்கள் அளவு உங்களுக்குச் சரி. நனைந்தால், மறுநாள் பத்து மணிக்கும் ஒற்றிப் பார்த்துக் குறித்துக்கொண்டு, அடுத்த நடவில் ஒரு கயிற்றை விலக்கிப் பிடியுங்கள். கிள்ளானில் அடுத்த ஆண்டு நாம் அந்த நடுவரிசையை விட்டுவிட்டு இரண்டு வரிசை மட்டுமே நட்டோம். நிலம் வீணாகிறதே என்று அண்டைவீட்டார் வருந்தினர். அவர் வீட்டுக்கும் சேர்த்துப் பழம் பறித்த நாட்களில், அந்த வெற்றிடத்தில் நின்றுதான் பறித்தோம்.